மேட்டுப்புன்னை நூலகத்தின் நான்காம் விதி

எங்கள் மேட்டுப்புன்னையில் மாதா கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னதாகக் கட்டி முடித்தது நூலகத்தைத்தான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து தானாகவே கொஞ்சம் நிமிர்ந்துவிடும். பெருமைதான். அதை மறைக்க என்ன இருக்கிறது?

கடல் ஏறி வந்து கரையோரத்தில் மூன்று ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய எங்களைத் தேரி என்கிற செம்மணல் மேட்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வீடுகள் போக ஒரே ஒரு பொதுக் கட்டடத்துக்குத்தான் முதலில் அனுமதி. எது வேண்டும் என்று ஊரே ஓட்டுப் போட்டுச் சொல்லலாம் என்றார்கள். கல்யாண மண்டபம் ஜெயிக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். நூலகம் ஜெயித்தது. அதற்கு முன் நிவாரண முகாமில் கிடந்த காலத்தில் யாரோ அனுப்பிய ஒரு பெட்டிப் புத்தகம்தான் எங்களுக்குத் துணையாக இருந்தது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கங்கள் தொலைந்து, முடிவு தெரியாத கதைகளுக்கு நாங்களே முடிவு கட்டிச் சண்டை போட்டுக்கொண்டோம். அந்தப் பசி மேட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை போலிருக்கிறது.

கட்டடம் அரசாங்கத்தினுடையது. நூலகருக்குச் சம்பளமும் அவர்களே கொடுத்தார்கள். நிர்வாகம் மட்டும் எங்களுடையது. ஊரார் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட குழு. விதிகளையும் ஊரே எழுதிக்கொள்ளலாம். ரேஷன் கடைக் கொட்டகையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதினோம். மேட்டில் குடியிருக்கும் எவரும் உறுப்பினர் ஆகலாம், காகிதம் எதுவும் காட்ட வேண்டாம் என்பது முதல் விதி. தொடர்ந்து இரண்டு முறை குழுவில் இருந்தவர் ஒதுங்கி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும் என்பது இரண்டாவது. ஒரு புத்தகம் பிடிக்கவில்லை, ஒரு விதி பிடிக்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம், அதை ஊர் முன்னால் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும் என்பது மூன்றாவது.

நான்காவதுதான் பெரிய சண்டை. ‘ஒருவர் என்ன வாசித்தார் என்பதை நூலகம் வேறு எவருக்கும் சொல்லாது. காவல்துறைக்கும் இல்லை, வீட்டாருக்கும் இல்லை.’ அதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். ‘அவர் இறந்த பின்னும்’ என்று ஒரு துண்டைச் சேர்க்க வேண்டும் என்று சிலர் எழுந்தபோதுதான் இரைச்சல் கிளம்பியது. செத்தவனுக்கு என்ன ரகசியம் என்றார்கள். அப்போது கூட்டத்தில் இருந்து ஒருத்தி முகாமை ஞாபகப்படுத்தினாள். கடல் எடுத்துப்போனவர்களின் கைபேசிகளை எல்லாம் அதிகாரிகள் சேகரித்து, எச்சரிக்கை பார்த்த பிறகும் கடலுக்குப் போனவர்கள் யார் யார் என்று அங்கே துழாவிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி பேரும் அதில் வந்தது. பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் துண்டு சேர்ந்தது.

எழுதி முடித்த விதிகளை ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டியவர் தேவசகாயம். மீன் ஏலக்காரர். மைக் எதற்கு என்று தள்ளி வைத்துவிட்டு அவர் வாசித்தபோது தேரியின் அந்தப் பக்கம் பனை ஏறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். சந்தையில் அவர் விலை கூவும்போது சும்மா போகிறவன்கூட நின்று ஒரு கூடை மீன் வாங்கிவிடுவான். அப்படி ஒரு குரல்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மெகருன்னிசா. சூரியத் தகடு, பம்பு, ஏடு எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இது நடந்தபோது குழுத் தலைவி நான்தான்.

ஏடு இல்லாத வீடு இப்போது கிடையாது என்றாலும் அன்றைக்கு அது புதுசு. வாழையிலைத் துண்டு மாதிரி வளைகிற மெல்லிய தகடு. எந்தப் புத்தகத்தையும் அதில் வரவழைத்துப் படிக்கலாம். நாம் அதைப் படிக்கும்போது அதுவும் நம்மைப் படிக்கும். கண் எந்தச் சொல்லில் நிற்கிறது, எந்த வரிக்குத் திரும்பிப் போகிறது, பிடித்திருக்கும் விரலில் நாடி எப்படி ஓடுகிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, எழுத்தைப் பெரிதாக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும். அந்தப் பதிவுக்குத் தடம் என்று பெயர். மாநில நலப்பதிவு வாரியம் எல்லா நூலகங்களுக்கும் ஏடுகளை இலவசமாகக் கொடுத்தது. பதிலுக்குத் தடங்களை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் ஏடு திரும்பி வந்ததும் நூலகர் தடத்தை அழித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்.

நூலகர் பெயர் தமயந்தி. திண்டுக்கல் பக்கத்துப் பெண். முப்பதைத் தாண்டியிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் யாருக்கு எந்தப் புத்தகம் என்று அவளுக்கு எப்படியோ தெரியும். உப்பளத்தில் வேலை பார்த்த பெண்கள் அவளிடம்தான் வந்து மெல்லிய குரலில் புத்தகம் கேட்பார்கள். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கேட்டதையே மறந்துவிட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலை ஏலத்தில், வஞ்சிரத்துக்கு விலை கூவிக்கொண்டிருந்த தேவசகாயம் பாதிச் சொல்லில் நின்றார். அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. மூளையில் கட்டி, ரொம்ப நாளாக வளர்ந்திருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். சந்தை அன்று முழுக்க மூடிக் கிடந்தது. சவ ஊர்வலத்தில் என் கடைப்பையன்கள்கூட அழுதார்கள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் மனைவி ரோசலின் என் கடைக்கு வந்தாள். நானும் அவளும் முகாமில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே படுத்தவர்கள்.

“மெகரு, ஒண்ணு கேக்குதேன். மத்த ஊருல ஏடு படிக்கவங்க தலையில கட்டி இருந்தா, கண்ணு ஓடுத விதத்தை வச்சே முன்கூட்டியே கண்டுபிடிச்சிருதாவளாமே. நெசமா?”

“நெசம்தான்.”

“அவுக ஏடு வாங்கிப் படிச்சிருந்தா?”

நான் கையில் இருந்த சாமானைக் கீழே வைத்தேன். “ரோசலினு…”

“படிச்சிருந்தா, அந்தத் தடத்தை நீங்க அழிச்சிருப்பீய. அப்படித்தானே?”

அவள் திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் மனு வந்தது. நான்காம் விதியை எடுத்துவிட வேண்டும், வாரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கீழே ரோசலின் பெயரோடு சந்தையில் பாதிப்பேர் பெயர் இருந்தது.

செய்தி வாரியத்துக்கு எப்படிப் போனதோ, ஒரு அதிகாரி கிளம்பி வந்துவிட்டார். அருள்வேந்தன் என்று பெயர். இளவயசு. கெடுபிடி பண்ணுகிற ஆளாக வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, நல்லபடியாகத்தான் பேசினார்.

“மேடம், எங்க அம்மா இன்னைக்கு உயிரோட இருக்காங்கன்னா அதுக்குக் காரணம் தடம்தான். வாரப் பத்திரிகைதான் படிப்பாங்க. ஒவ்வொரு வரியிலயும் முதல் சொல்லை விட்டுட்டுப் படிச்சிருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. வாரியத்துல இருந்து போன் வந்துச்சு. அறுவை சிகிச்சை பண்ணி எடுத்துட்டோம். அதனாலதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.”

“சந்தோஷம் தம்பி. ஆனா தடம் கட்டியை மட்டுமா காட்டுது?”

“எல்லாத்தையும்தான் காட்டும். மனசு சரியில்லாம இருக்கிறது, தூக்கம் கெட்டது, குடி… ஆனா நல்லதுக்குத்தானே பார்க்கிறோம்?” டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு விஷயம் சொல்லிடறேன். மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. இந்த விசாரணையில நீங்க ஒத்துக்கலைன்னா ஏடுகளைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க.”

அவர் போன பிறகு நூலகத்துக்குப் போனேன். தமயந்தி கிழிந்த புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். வாசகர் யாரும் இல்லை. சில நாளாகவே கூட்டம் குறைந்துவிட்டது. சந்தையில் அவளுக்கு மீன் கொடுக்க மறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கேட்டதற்கு, “சைவமா மாறிட்டேன்க்கா” என்று சிரித்தாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவள் குடியிருந்த வீட்டுக் கதவில் யாரோ மீன் செதிலை அள்ளி அப்பியிருந்ததை நான்தான் கழுவி விட்டேன்.

“தமயந்தி, எனக்கு மட்டும் சொல்லு. தேவசகாயம் இங்க வந்து படிச்சாவளா?”

பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “சொல்ல முடியாதுக்கா.”

“வரலைன்னா பிரச்சினையே இல்லை. வரலைன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டா ஊரு அடங்கிரும். உன் மேல ஏன் பழி வரணும்?”

“வரலைன்னாலும் சொல்ல முடியாது.”

“நான் குழுத் தலைவி.”

“குழுத் தலைவிக்குச் சொல்லலாம்னு விதியில எழுதலையேக்கா.” அதைக் குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னாள். “வராதவங்களைப் பத்தி மட்டும் ‘வரலை’ன்னு சொல்ல ஆரம்பிச்சா, நான் வாய் திறக்காத ஆளெல்லாம் வந்தவங்கன்னு ஆயிடும். அப்புறம் விதி எதுக்கு?”

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து ஊரார் திரும்பிய பிறகு, நூலக முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. குழுவில் இருந்த நாங்கள் ஒரு பக்கம், மனுக் கொடுத்தவள் என்ற முறையில் ரோசலின் எங்களுக்கு எதிரே. தமயந்தி ஓரத்தில் நின்றாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

அருள்வேந்தன் தன் அம்மா கதையைச் சொன்னார். உண்மையான கதை, அதனால் எல்லார் மனசிலும் தைத்தது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு குழுவில் இருந்த முத்துச்சுடர் எழுந்தாள். எங்கள் ஊர் மினிபஸ்ஸை ஓட்டுகிறவள். கல்யாணமாகி வேலங்குடியில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவள்.

“சார் சொன்னது பொய் இல்லை. வேலங்குடியிலயும் தடத்தால பொழைச்சவங்க இருக்காவ. ஆனா நான் என் கதையையும் சொல்லணும்லா. அங்க நான் டவுன் பஸ் ஓட்டினேன். மவன் பொறந்த சமயம். பால் கொடுத்துக்கிட்டே ஏடு படிப்பேன். இவளுக்குத் தூக்கம் பத்தலைன்னு தடத்துல தெரிஞ்சிருக்கு. வண்டியில இருந்து எறக்கிட்டாவ.”

“அது போக்குவரத்துத் துறை எடுத்த முடிவும்மா” என்றார் அருள்வேந்தன்.

“யாரு எடுத்த முடிவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தடம் எங்கே போவுது, யாரு கையில சேருதுன்னு உங்களுக்கே தெரியுமா சார்?” அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “அதுக்குப் பொறவு அந்த ஊருல எப்படிப் படிக்காவன்னு சொல்லட்டுமா? பயமா இருக்குத பக்கம் வந்தா நிறுத்தக் கூடாது. அழுகை வந்தா ஏட்டைக் கீழ வச்சிரணும். கண்ணை ஒரே சீரா ஓட்டணும். எங்க மாமியார் எனக்கு அதைச் சொல்லியே கொடுத்தாவ. ஊரு பூரா நல்லா இருக்கவங்க மாதிரி படிக்கப் பழகிட்டோம். எனக்கு வேலை போனதுகூடப் பெருசில்லை. அப்புறம் நான் படிச்ச ஒரு கதையும் மனசுல நிக்கலை.”

பந்தலுக்குள் சலசலப்பு ஓடி அடங்கியது. அப்போது ரோசலின் எழுந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. நேராகத் தமயந்தியிடம் போய் நின்றாள்.

“எம்மா, நீ எனக்கு மக மாதிரி. உன் மேல எனக்கு வன்மம் ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு கேள்வி. அவுக இங்க வந்து ஏடு வாங்குனாவளா?”

“மன்னிச்சுக்கங்கம்மா. சொல்ல முடியாது.”

“நான் அவுக பொஞ்சாதி.”

“தெரியும்மா.”

“அவுக செத்துட்டாவ.”

தமயந்தி அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். “இறந்த பின்னும்தான்ம்மா.”

பின்வரிசையில் இருந்து யாரோ, “கொன்னுபோட்டு விதி பேசுதா பாரு” என்றான். இன்னொருவன் நாற்காலியை உதைத்துத் தள்ளினான். தமயந்தி தலை குனியவில்லை. கைகளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. பொது இடத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் அது தன்னைக் கண்டுகொள்ள நிற்பதுபோல, எல்லாரும் தன்னைப் பார்க்கட்டும் என்று நின்றாள். அவளை அந்த இடத்தில் நிறுத்தியது நாங்கள் எழுதிய ஒரு வரி. கொட்டகையில் உட்கார்ந்து எழுதும்போது அது இவ்வளவு கனக்கும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

குழுவில் ஓட்டு எடுத்தோம். மனுவுக்கு ஆதரவாக மூன்று, எதிராக மூன்று. தலைவி ஓட்டுதான் பாக்கி. ஊரே என் வாயைப் பார்த்தது. எனக்கு ரோசலினைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை.

“ரோசலினு, ஓட்டுப் போடுததுக்கு முன்ன உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவருக்கு நோவு இருக்குன்னு வாரியத்துக்குத் தெரியணும்னு நினைக்கியா? இல்லை, அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கியா?”

“வாரியம் எனக்கு எதுக்கு?” என்றாள். “அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாமயே போயிட்டாவளே, அதான் என்னைப் போட்டு அறுக்கு.”

“அப்போ படிக்கிறவங்களுக்கு மட்டும் தெரியுத மாதிரி செஞ்சா?”

அருள்வேந்தன் நிமிர்ந்து பார்த்தார். “அப்படி ஏடு கிடையாது மேடம்.”

“கணக்குப் போடுதது ஏடுதானே? வாரியத்துக்கு அனுப்புதது கடைசியாத்தானே நடக்கு?”

“ஆமா. ஏட்டுலயே கண்டுபிடிச்சுடும். அப்புறம்தான் அனுப்பும்.”

“அனுப்புத இடத்தை மாத்தினா போதும். படிச்சு முடிச்சதும், வேணும்னு கேக்கவங்களுக்கு அது அவங்ககிட்டயே சொல்லட்டும். கண்ணு டாக்டரைப் பாரு, தலையை ஸ்கேன் எடுத்துப் பாருன்னு. பொறவு அழிஞ்சிரட்டும். நூலகத்துக்கும் தெரிய வேண்டாம். என்னால செய்ய முடியும். தினமும் இதைத்தானே பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

“வாரிய ஏட்டைப் பிரிக்க உங்களுக்கு அனுமதி இல்லை” என்றார். மிரட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

“உங்க ஏட்டைத்தான் நீங்க எடுத்துட்டுப் போகப் போறீயளே தம்பி.”

சிலர் சிரித்தார்கள். ரோசலின் சிரிக்கவில்லை. மனுவைக் கேட்டு வாங்கி, நான்காம் விதியை எடுத்துவிட வேண்டும் என்ற வரியை அடித்தாள். “சொல்லு, நான் எழுதுதேன்” என்றாள் என்னிடம். நான் சொல்லவில்லை, அவளையே சொல்லச் சொன்னேன். ‘ஒருவரின் தடம் அவருக்கே சொந்தம். அவர் கேட்டால் அவருக்கு மட்டும் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால் அவருக்கும் சொல்லக் கூடாது.’ கடைசி வாக்கியம் முழுக்க அவளுடையது. அதை எதற்காகச் சேர்த்தாய் என்று முத்துச்சுடர் கேட்டதற்கு, “எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுக்கத் தெம்பு இருக்குமா?” என்றாள்.

ஏழு ஓட்டும் விழுந்தது. எங்கள் ஐந்தாம் விதி அப்படித்தான் வந்தது. எழுதியவள் மீன் ஏலக்காரரின் மனைவி ரோசலின் என்று நூலகச் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது.

அருள்வேந்தன் மறுவாரம் வண்டியோடு வந்து ஏடுகளை எடுத்துப் போனார். தமயந்தி ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். வண்டி கிளம்பும்போது அவர் இறங்கி வந்து, “அந்தப் புது விதியை எனக்கு ஒரு நகல் எடுத்துத் தர முடியுமா?” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் காகிதப் புத்தகங்களை வைத்துத்தான் ஒப்பேற்றினோம். நான் அக்கம்பக்கத்து ஊர்க் கடைகளில் தூக்கிப் போட்ட உடைந்த ஏடுகளைச் சேர்த்தேன். அனுப்பும் பகுதியை அறுத்துவிட்டு, சொல்லும் பகுதியை மட்டும் வைத்தேன். சொல்வதற்குச் சுளுவாக இருக்கிறது. செய்வதற்குள் கண் பூத்துப்போய்விட்டது. முதலில் தயாரான ஏட்டை முத்துச்சுடர்தான் வாங்கினாள். பந்தலில் நாற்காலியை உதைத்தவன்கூட ஒரு நாள் வந்து வரிசையில் நின்றான். தமயந்திக்குச் சந்தையில் மீன் கிடைக்க ஆரம்பித்தது. இன்றைக்குப் பக்கத்து ஊர் நூலகக் குழுக்கள் எங்கள் விதிகளைக் கேட்டு வாங்கிப் போகின்றன. அந்த ஏட்டால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அவர்கள் கேட்பதுண்டு. தெரியாது என்றுதான் சொல்வோம். தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டோம்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விசாரணை நடந்த அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரோசலினின் அண்ணன் ஜெபமணி தூத்துக்குடியில் இருந்து வந்தார். பண்டிகை முடிந்து அவரை பஸ் ஏற்றிவிட்டு, ரோசலின் நேராக நூலகத்துக்கு வந்தாள். மதிய நேரம். நானும் தமயந்தியும் பழுதான ஏடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தைப் பார்த்து நான் எழுந்தேன்.

“அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு மெகரு” என்றாள்.

“என்ன சொல்லுத?”

“தலையில கட்டி இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. ஒரு வருஷத்துக்கு மேலேயே தெரிஞ்சிருக்கு. அண்ணன் வீட்டுல தங்கித்தான் டாக்டரைப் பாத்திருக்காவ. கட்டியை எடுக்கலாம், ஆனா பேச்சு போயிரும்னு சொல்லியிருக்காவ. இவுக வேண்டாம்னுட்டாவ. குரல் இல்லாம நான் யாருன்னு அண்ணன்கிட்டக் கேட்டாவளாம். எங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ.” பெஞ்சில் உட்கார்ந்தாள். “டாக்டர்கிட்டப் போகும்போதே நோவைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் போயிருக்காவ. இந்தப் பக்கத்துல கட்டி இருந்தா பேச்சு போகுமா, அந்தப் பக்கத்துல இருந்தா என்ன ஆவும்னு டாக்டரையே கேள்வி கேட்டிருக்காவ. எங்கே படிச்சீயன்னு அண்ணன் கேட்டதுக்கு, எங்க ஊரு நூலகத்துலன்னு சொன்னாவளாம்.”

பந்தலில் தமயந்தி நின்ற நிற்பு கண்முன் வந்தது. அவருக்குத் தெரியும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மனு அங்கேயே விழுந்திருக்கும், பழியும் போயிருக்கும், மீனும் கிடைத்திருக்கும். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ரோசலினும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியும்லா?” என்றாள் ரோசலின். “அவுக வந்து கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது நீதானே?”

தமயந்தி கையில் இருந்த திருப்புளியை மேசையில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“ஒருத்தர் என்ன வாசிச்சாருன்னு நூலகம் யாருக்கும் சொல்றதில்லைம்மா.”

“இப்பவுமா?”

“இப்பவும்தான்ம்மா.”

ரோசலின் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டித் தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதோ ஒரு கம்பியை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தேன்.

“வீட்டுல அந்த மனுசன் ஒரு நாளும் முகம் சுணங்கினதில்லை மெகரு” என்றாள் பிறகு. “சந்தையில கேக்கவே வேண்டாம். பயப்படுததுக்கு ஒரு இடம் வேணும்லா. இங்க வந்து இருந்திருக்காவ. நான் அதைப் போய் எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கேன் பாரு.”

“நீதானே அதைக் காப்பாத்தியும் வச்ச” என்றேன்.

மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விதி எழுதியவளே தவிர அவள் அதுவரை உறுப்பினர் இல்லை. தன் பெயரைப் பதிந்துகொள்ளச் சொன்னாள். தமயந்தி பதிந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தமயந்தியின் பக்கம் குனிந்தாள்.

எனக்குப் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, கதவையும் சாத்திவிட்டு, வேம்பு நிழலில் நின்றேன். ரோசலின் என்ன புத்தகம் கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.